கண்ணுக்கு விருந்து, செவிக்கு விரதம்

பாட்டுக் கேட்பதும் படம் பார்ப்பதுமே பிரதான காரியம் என்று வைத்துக்கொண்டு லேப்டாப் வாங்கப் புறப்படுகிற மனிதனைக் கடைக்காரர்கள் சற்று அனுதாபத்துடனேயே பார்க்கிறார்கள். "கேமிங்கா, எடிட்டிங்கா, ஆபீஸ் யூஸா சார்?" என்று சென்னை ரிச்சி தெருவில் என்னைக் கேட்ட இளைஞருக்கு, இம்மூன்றில் எதுவும் இல்லை, பழைய கச்சேரிகளும் பழைய சினிமாப் படங்களுந்தான் என்று நான் சொன்ன பதில் விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். ஆயினும் அவர் சமாளித்துக்கொண்டு, "அப்போ மல்டிமீடியான்னு சொல்லுங்க, இதை எடுங்க சார், டிஸ்ப்ளே பிரமாதம்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அவர் சொன்னதில் பொய் சிறிதும் இல்லை. டிஸ்ப்ளே பிரமாதந்தான். ஸ்பீக்கரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை; அந்த மௌனமும் ஒரு விதத்தில் சத்தியமே என்பது, யந்திரம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பிரத்தியட்சமாயிற்று.

பதினான்கு அங்குலத் திரையும், ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்ட எடையும், மூடிவைத்தால் ஒரு தீபாவளி மலரின் கனமுங்கூட இல்லாத மெல்லிய தேகமும் கொண்ட இந்த யந்திரத்தை விழிப்பூட்டுகிற வைபவத்தைப் பற்றி விஸ்தாரமாக எழுத வேண்டியதில்லை. எந்தத் தேசம், எந்த விசைப்பலகை, வைஃபை கடவுச்சொல் என்ன, முகத்தைக் காட்டுகிறீர்களா, விரலைப் பதிக்கிறீர்களா என்று அது கேட்டுக்கொண்டே போகும். நாமும் சம்மதம் சம்மதம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு டெராபைட் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்க, உள்ளே 931 ஜிபி என்று காட்டுகிறதே, மீதி எங்கே போயிற்று என்று திகைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: யாரும் எதையும் அபகரித்துவிடவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். கணினி 1,024 ஆகப் பெருக்குகிறது. வித்தியாசம் அந்தக் கணக்கில் பிறந்தது.

திரைக்கு வருவோம். ஓஎல்இடி என்று இப்போது சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிற இந்த வகைத் திரையின் மூலவித்தை 1987இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களான சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவரும் வெளியிட்டது. பழைய எல்சிடி திரையில் பின்னாலிருந்து ஒரு விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருக்க, முன்னாலுள்ள திரவப் படிகங்கள் அந்த வெளிச்சத்தை இயன்ற மட்டும் மறைத்து இருட்டென்று பெயர் பண்ணும். ஆகையால் அங்கே கறுப்பு என்பது எப்போதும் சாம்பல் கலந்த கறுப்பு. இங்கோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்தேவிடுகிறது. இந்த வித்தியாசம் விளம்பரத்தில் படிக்கும்போது அற்பமாகத் தோன்றும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் மகிமை விளங்கும்.

நான் போட்டுப் பார்த்தது ஜெமினியின் 'சந்திரலேகா'. 1948இல் வந்த அந்தப் படம் அக்காலத்து வழக்கப்படி ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டது. ஆகவே இந்த அகன்ற திரையில் இருபுறமும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. என் பழைய யந்திரத்தில் அந்தப் பட்டைகள் மங்கலாக ஒளிர்ந்துகொண்டு கண்ணை உறுத்தும். இதில் அவை அறையின் இருளோடு கலந்து காணாமலே போய்விட, படம் மட்டும் ஆதாரமின்றி அந்தரத்தில் நிற்கிறது. முரசுகளின் மேல் நடனமாதர் ஆடுகிற அந்தப் பிரசித்தி பெற்ற காட்சியில், வெள்ளை உடையின் மடிப்புகளையும், முரசுகளின் நிழல்களையும், பின்னணியில் இருளுக்கும் அரையிருளுக்கும் நடுவே மறைந்து கிடந்த படிக்கட்டுகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதே சமயம், என் கைவசமிருந்த பிரதியின் கீறல்களும், யாரோ அவசரமாகச் சுருக்கிப் பதிந்ததனால் ஏற்பட்ட கட்டங்கட்டமான பிசிறுகளும் அதே தெளிவுடன் தெரிந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திரைக்குப் பட்சபாதம் கிடையாது.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) நேர் எதிரிடை. அதற்கு மேலும் கீழும் பட்டைகள் விழுந்து திரையில் மூன்றில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்கின்றன. ஆனால் இங்கே வேறொரு சூட்சுமம் புலப்பட்டது. சினிமா என்பது வினாடிக்கு 24 படங்கள். சாதாரணத் திரையோ வினாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அறுபதை இருபத்துநான்கு மீதியின்றி வகுக்காது. ஆகையால் ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கிறார்கள். காமிரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் ஒரு நொண்டல் தெரிவதற்குக் காரணம் இதுதான். இந்தத் திரை 120 முறை புதுப்பித்துக்கொள்வதால் ஒவ்வொரு படத்துக்கும் சரிசமமாக ஐந்து முறை கிடைக்கிறது. நொண்டல் போயே போய்விட்டது. விளையாட்டுப் பிள்ளைகளுக்காகக் கூட்டப்பட்ட வேகம் என்னைப் போன்ற பழைய பட ரசிகனுக்கு இவ்வாறு அனுகூலமாயிற்று. பகலில் டியூப் லைட்டின் பிம்பமும் நம் முகமும் இந்தப் பளபளப்பான கண்ணாடியில் தெரிவது ஒரு தொந்தரவு. ஜன்னலுக்கு எதிரே உட்காராமலிருந்தால் தீர்ந்தது.

இத்தனை வைபவத்துக்கும் நடுவே அந்த முரசு நடனத்தின் ஒலி எப்படி இருந்தது என்று கேட்பீர்களானால், சமையலறையில் யாரோ காலி அரிசி டின்னைத் தட்டியது போலிருந்தது. முரசு கண்ணுக்கு முரசாகவும் காதுக்கு டின்னாகவும் இருக்கிற இந்த அவலத்துக்குப் பௌதிக சாஸ்திரம் காரணம் சொல்லுகிறது. தாழ்ந்த சுருதியை எழுப்ப வேண்டுமானால் நிறையக் காற்றை அசைக்க வேண்டும். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே உரப்புக்கு அசைக்க வேண்டிய காற்று நான்கு மடங்காகிறது. பெட்டியின் கனத்தை விரற்கடை அளவுக்குச் சுருக்கிவிட்டு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஸ்பீக்கர்களை அதன் அடிவயிற்றில் பொருத்தினால், அவை எவ்வளவுதான் பிரயாசைப்பட்டாலும் அந்தக் காற்றுக்கு எங்கே போகும்?

ஆனாலும் எல்லாச் சங்கீதமும் இதில் ஒரே விதமாகக் கெட்டுப்போவதில்லை என்பதுதான் சுவாரசியம். தம்பூரா ஏறக்குறைய நன்றாகவே கேட்கிறது. அதன் மந்தர ஸட்ஜத்தின் அடிநாதம் ஸ்பீக்கரிலிருந்து வெளிவராவிட்டாலும், தந்தியின் அடியில் செருகிய நூலான ஜீவாளியினால் எழும் மேல்நாதங்கள் வந்துவிடுகின்றன. அவற்றைக் கொண்டு, வராத அடிநாதத்தை நம் காதே ஊகித்து நிரப்பிக்கொள்ளுகிறது. வாய்ப்பாட்டும் வீணையும் பாதகமில்லை. அகப்பட்டுக்கொண்டது மிருதங்கம். கரணை பூசிய வலந்தலை கணீரென்று கேட்கிறது. அந்தக் கறுப்புப் பூச்சினால்தான் ஒழுங்கற்றிருக்க வேண்டிய மேல்நாதங்கள் சுருதியோடு இசைந்து நிற்கின்றன என்று ஸர் சி. வி. ராமன் 1920ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அந்த மேல்நாதங்களைச் சிறிய ஸ்பீக்கரும் தாங்கும். ரவை ஒட்டிய இடப்பக்கமான தொப்பிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தனியாவர்த்தனத்தில் வித்வான் இடது உள்ளங்கையை வழித்து எழுப்புகிற கும்கி, கேட்டவர் வயிற்றில் போய் ஒலிக்க வேண்டியது, இங்கே தோலில் விரல் உரசுகிற ஓசையாக மட்டும் எஞ்சுகிறது. கணக்கு அத்தனையும் இருக்கிறது. நாதம் பாதிதான் இருக்கிறது.

மடியிலோ மெத்தையிலோ வைத்துக் கேட்டால் இந்தப் பாதியும் கால்வாசியாகிவிடும், ஸ்பீக்கர்களின் வாய் கீழே நோக்கியிருப்பதால். தேக்குமேஜையின் மேல் வைத்தபோது பலகை ஒலியைத் திருப்பியனுப்ப, குரல் சற்றுப் புஷ்டியாயிற்று. ஒலியை நாற்புறமும் விரித்துக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு கூடவே வந்திருக்கும் மென்பொருள் சினிமாச் சண்டைக்கு உகந்ததாக இருக்கலாம். கச்சேரியில் அது பாடகரை ஒரு மண்டபத்திலும் வயலினை அடுத்த மண்டபத்திலும் உட்கார்த்திவைக்கிறது. அதை முதல் காரியமாக அணைத்துவிடுவது நலம். விசிறியைப் பற்றிக் குறை சொல்லுவதற்கில்லை. படம் ஓடும்போது அதைப் பிரித்துக் காட்டும் வேலையைச் சில்லுக்குள் அதற்கென்றே அமைந்த ஒரு பகுதி கவனித்துக்கொள்வதால் யந்திரம் சூடேறுவதில்லை. ஆலாபனையின் நடுவே விசிறி சுருதி சேர்க்க வருவதுமில்லை.

கடைக்காரர் சொன்ன மல்டிமீடியாவுக்கு வருவோம். 1991இல், 'மல்டிமீடியா பிசி' என்ற முத்திரையைத் தாங்கக் கணினிக்கு என்னென்ன வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் ஒரு வரையறை செய்தார்கள். அதில் 2 எம்பி நினைவகத்தோடு, ஒலி அட்டையும் சிடி டிரைவும் இன்றியமையாதவை. அதாவது அந்த முத்திரைக்கு உரிமை தேடிக்கொடுத்த இரண்டில் ஒன்று முழுக்க முழுக்கச் செவிக்கு உரியது. இன்று அந்தச் சிடி டிரைவுக்கு இந்தத் தேகத்தில் இடமில்லை. அலமாரி நிறையக் கச்சேரிச் சிடிக்கள் வைத்திருப்பவன் தனியாக ஒரு டிரைவை வாங்கி, பக்கத்திலிருக்கும் ஒரே ஒரு பழைய மாதிரி யுஎஸ்பி துளையில் செருகித்தான் அவற்றைப் பதிந்துகொள்ள வேண்டும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற சிடியின் தரத்திலேயே, சுருக்காமல் நான் பதிந்துவருகிறேன். கோப்புகளுக்குத் 'தோடி', 'காம்போதி' என்று தமிழிலேயே பெயர் வைக்க, தனியாக எதையும் நிறுவ வேண்டியிராமல், தமிழ்99 விசைப்பலகை அமைப்பிலேயே கிடைத்தது ஒரு சந்தோஷம். பொத்தான்களின் மேல் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை; நான்காம் எண்ணின் மூலையில் ரூபாய்க் குறி மட்டும் இருக்கிறது, தமிழரான உதயகுமார் வரைந்து 2010இல் அங்கீகாரம் பெற்றது.

செவிக்கென்று தயாரிப்பவர் விட்டுவைத்த ஒரே கருணை, இடப்பக்கத்தில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளை. கம்பியுள்ள நல்ல ஹெட்போனை அதில் செருகியதும் கும்கி திரும்பி வந்தது; தம்பூரா வெறும் மேல்நாதமாக இல்லாமல் முழு உருவத்தோடு உட்கார்ந்தது; வயலினின் வில் தந்தியைத் தொடுகிற க்ஷணம் கூடக் கேட்டது. அதாவது உள்ளே ஒலியைச் சமைக்கிற சுற்று நேர்த்தியானது. பரிமாறுகிற வாய்தான் சிறியது. எனினும் ஹெட்போன் என்பது ஒருவருக்கு மட்டுமே இலை போடுகிற விருந்து. ரேடியோப் பெட்டியைக் கூடத்தில் வைத்து வீடு முழுவதும் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவதை என் மனைவி எதிரேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பது சங்கீதத்துக்கு நியாயமாகாது. ஆகையால் பழைய ஸ்டீரியோவின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரோடு பரணிலிருந்து இறக்கி, அதே துளையின் வழியாக இணைத்துவிட்டோம்.

லேப்டாப் வாங்கப்போகிற சங்கீதப் பிரியர்களுக்கு என் அபிப்பிராயம் இது. திரைக்காகக் கொடுக்கிற அதிகப் பணம் வீண்போகாது, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் உங்களுக்கு மனப்பாடமான ஒரு தனியாவர்த்தனத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காட்டுகிற யந்திரத்தில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். பட்ஜெட்டில் நல்ல ஸ்பீக்கருக்கென்று ஐயாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் லேப்டாப் பாருங்கள்.