ஆட்பெயர் தாங்கிய நோய்ப்பெயர்களும் தமிழாக்கமும்: ஒரு பெங்களூர்ச் சான்று

மேலை மருத்துவத்தில் நோய்க்குப் பெயரிடும் முறைகளுள் ஆட்பெயரை முன்னிறுத்துவதும் ஒன்றாகும். பார்க்கின்சன் நோய், ஹேன்சன் நோய் என்பன இதற்குச் சான்றுகள். சித்த மருத்துவத்திலோ ஆட்பெயர் மருந்துக்கு அமையக் காண்கிறோம். அகத்தியர் குழம்பு என்பது அத்தகையது. நோய்ப்பெயர்கள் பெரும்பாலும் வாதம், பித்தம், கபம் என்னும் காரணங்களையும் புறக்குறிகளையும் ஒட்டியே அமைகின்றன. இம்மரபில் பழகிய மொழிபெயர்ப்பாளர், ஆட்பெயரை விலக்கிக் காரணப்பெயர் ஆக்க விழைவது இயல்பே. எனினும் காரணப்பெயர் எப்போதும் தெளிவு தருவதன்று. இதனை ஒரே நோய்க்கு வழங்கும் இரு பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இரு பெயர்கள்

இளைஞர் சிலருக்கு ஒரு கையின் தசைகள் மட்டும் மெலிந்து வலுவிழக்கும் நோயினை ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் கெய்சோ ஹிரயாமாவும் அவருடன் பணியாற்றியோரும் 1959இல் விளக்கினர். இஃது ஹிரயாமா நோய் எனப் பெயர் பெற்றது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எம். கௌரி தேவியும் உடன் ஆய்ந்தோரும், ஒரு கையோ ஒரு காலோ மட்டும் மெலிந்த நோயாளர்களை ஆராய்ந்து, 1984இல் ‘மானோமெலிக் அமயோட்ரோபி’ என்னும் பெயரை முன்வைத்தனர். ஒன்று, கைகால், இன்மை, தசை, ஊட்டம் என்னும் பொருளுடைய கிரேக்க வேர்களால் ஆனது இச்சொல். முன்னது ஆளைச் சுட்டுகிறது. பின்னது நோயின் தோற்றத்தைச் சுட்டுகிறது.

2. காரணப்பெயரின் இடர்கள்

பின்னதை ‘ஓருறுப்புத் தசைநலிவு’ எனத் தமிழாக்கலாம். ஆனால் கண்ணும் கல்லீரலும்கூட உறுப்பே. கை, கால் இரண்டையும் பொதுவாகச் சுட்டும் எளிய ஒருமைச்சொல் தமிழ் வழக்கில் இல்லை. ‘கைகால்’ என்பது உம்மைத்தொகை. ‘ஒரு கைத் தசைமெலிவு’ என்றால் பெங்களூர் ஆய்வாளர் காலையும் சேர்த்த நோக்கம் கெடும்.

நோயறிவு வளருந்தோறும் காரணப்பெயர் பொருந்தாமற்போவதும் உண்டு. சிலருக்கு இரு கைகளும் மெலிவது பின்னர் அறியப்பட்டது. கழுத்து முன்குனியும்போது தண்டுவடம் அழுத்தப்படுவதே கையில் தோன்றும் வகைக்குக் காரணம் என்னும் விளக்கமும் வலுப்பெற்றது. ‘ஒன்று’ என்னும் அடைமொழி இடர்ப்பட, ஹிரயாமாவின் பெயருக்கு ஊறு நேரவில்லை.

மூன்றாவது இடர் நோயாளரைச் சார்ந்தது. இந்நோயை இயக்க நரம்பணு நோய்களுடன் சேர்த்து எண்ணும் வழக்கம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் தெளிவு கருதி ‘இயக்க நரம்பணு நோய்’ என்றே எழுதிவிட்டால், உயிருக்கு இறுதி தரும் வேறொரு நோயாகப் படிப்போர் கொள்வர். ஹிரயாமா நோயோ பெரும்பாலும் சில ஆண்டுகள் வளர்ந்து பின் தானே நின்றுவிடும் இயல்பினது. ஒரு சொல்லின் பிழையால் ஓர் இளைஞன் தன் வாழ்வே முடிந்ததெனக் கருத நேரிடலாம்.

3. ஆட்பெயரின் இலக்கணம்

‘ஹிரயாமாவின் நோய்’ என்று உருபு விரித்தால் நோயுற்றவர் ஹிரயாமா என்னும் பொருள் தோன்றும். ‘ஹிரயாமா நோய்’ என்பதே தக்க வடிவம். பொன்னால் ஆகிய குடம் பொற்குடம் ஆனாற்போல, ஹிரயாமாவால் விளக்கப்பட்ட நோய் என விரிதலின் இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். மாறாக, ‘லூ கெரிக் நோய்’ என்பதில் அப்பெயர் மருத்துவருடையதன்று. அந்நோயால் 1941இல் மறைந்த அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரருடையது. அங்கு ஆறாம் வேற்றுமைப் பொருளே பொருந்தும். தொகை வடிவம் இவ்விரு வகைக்கும் இடந்தருவது தமிழுக்கு வாய்த்த வசதி எனலாம்.

ஒலிபெயர்ப்பில் ஒருமை வேண்டும். கிரந்த எழுத்தை விலக்கி ‘இரயாமா’ என ஒருவரும், ‘ஹிரயாமா’ என மற்றொருவரும் எழுதினால், அகரவரிசையில் ஒரே நோய் முதலிலும் இறுதியிலுமாகப் பிரிந்து நிற்கும். அகராதி ஒரு வடிவத்தைத் தலைச்சொல்லாகக் கொண்டு மற்றதிலிருந்து அதற்கு வழிகாட்டுதல் நன்று.

4. முடிவுரை

புதிய தொற்றுநோய்களுக்கு ஆட்பெயரும் இடப்பெயரும் இடுதலைத் தவிர்க்குமாறு உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் அறிவுறுத்தியது. புதுப்பெயரிடுவோர்க்கு அது தக்க நெறி. முன்னரே நிலைபெற்ற பெயர்களை மொழிபெயர்ப்போர் கடமை வேறு. ஆட்பெயரைப் பெயராகவே காத்து, விளக்கத்தை அதனருகே தொடராகத் தருதல் வேண்டும்: ‘ஹிரயாமா நோய் - பெரும்பாலும் ஒரு கையின் தசைகளை மெலிவித்துச் சில ஆண்டுகளில் வளர்ச்சி நிற்கும் நோய்’. பெயர் மருத்துவரிடையே தொடர்பைக் காக்கும். விளக்கம் நோயாளருக்குப் பொருளுணர்த்தும். இவ்விரு பணிகளையும் ஒரே சொல்லின்மேல் ஏற்றுவதே இடர்ப்பாடுகளுக்கு மூலமாகும்.