யாரும் தடுக்கவில்லை என்றால் அனுமதி என்று ஆகிவிடாது

போடிநாயக்கனூரில் மலையைச் சுற்றி இரண்டு ஆசைகள் வளர்ந்துவருகின்றன. மலை தெரிகிற இடத்தில் நாலு சென்ட் வாங்கி ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது ஒன்று. விடுமுறை கிடைத்தால் குரங்கணி, கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன் என்று ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 முதல் மறுபடியும் போடிக்கு வருகிறது. வெளியூர்க்காரர்களுக்கும் மலை பக்கத்தில் வந்துவிட்டது.

இரண்டு ஆசைகளும் நியாயமானவை. ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரியான பேச்சு காதில் விழுகிறது. "எல்லாரும்தான் போறாங்க, ஒருத்தரும் கேட்கிறதில்லை." "எல்லாரும்தான் கட்டியிருக்காங்க, இதுவரைக்கும் யாரும் வந்து கேட்கலை." இந்தப் பேச்சை நம்பி உயிரை இழந்தவர்களும் உண்டு, வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களும் உண்டு. யாரும் கேட்காத வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். தீயோ, மண்சரிவோ, வழக்கோ வந்த பிறகுதான் அனுமதிச் சீட்டு எங்கே, பத்திரம் எங்கே என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை நாமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

குரங்கணி சொன்ன பாடம்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த 30க்கும் மேற்பட்டோர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீயில் சிக்கினார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். உள்ளூர் மக்கள்தான் முதலில் ஓடிப்போய்த் தூக்கினார்கள். பின்னர் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. சம்பவ இடத்திலும் மருத்துவமனைகளிலுமாக 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வருவாய்த் துறையின் உயர் அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக அரசு நியமித்தது. உரிய அனுமதி இல்லாத பாதையில் குழு சென்றது என்று அரசுத் தரப்பு சொன்னது.

இறந்தவர்கள்மீது பழிபோட இதை நினைவூட்டவில்லை. அவர்களில் பலர் பணம் கட்டியோ பெயர் பதிந்தோ ஏற்பாட்டாளரை நம்பி வந்தவர்கள். அனுமதி என்பது வெறும் கட்டண ரசீது அன்று. எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது வனத்துறையின் கையில் எழுத்தாக இருந்தால், தீ தெரிந்தவுடன் குழுவை நிறுத்தலாம். திரும்பாதவர்களை எங்கே தேடுவது என்பதும் தெரிந்திருக்கும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசுத் திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படும். மூடியிருக்கும் காலத்தில் "வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். மாட்டிக்கொண்டால் வழக்கு ஏற்பாட்டாளர்மீது மட்டும் வராது, உங்கள்மீதும் வரும்.

தீயின் இயல்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிவதன் சூடு மேலே உள்ள புல்லை முன்பே காயவைத்துவிடும். அதனால் தீயைப் பார்த்தவுடன் மேட்டை நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, பாறைத்தரை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம் ஆகியவற்றைத் தேடிப் போக வேண்டும். ஆளுயரப் புல்லுக்குள் இறங்கவே கூடாது. மூக்கையும் வாயையும் நனைத்த பருத்தித் துணியால் மூடிக்கொள்ளலாம். உருகி உடம்பில் ஒட்டும் செயற்கை இழை உடைகளை மார்ச், ஏப்ரலில் மலைக்குப் போட்டுப்போகாமல் இருப்பது நல்லது.

பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் ஏற்பாட்டாளரிடம் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் ஏமாற்றினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணைக்கு வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் புகார்க் கட்டணமும் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. அதற்கெல்லாம் ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் பணம் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்திப் பயனில்லை.

மலை ஏறும் ஜீப்

சுற்றுலாப் பயணிகளைவிட அதிகமாக ஜீப்பை நம்பி வாழ்பவர்கள் போடிப் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர்கள். விடிகாலையில் போடிமெட்டு ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிறவர்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டி கொண்டையூசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வரும் சட்டச் சிக்கல்தான் பலருக்குத் தெரியாது.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையும் பெர்மிட்டும் வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்து வழக்காடும். சரக்கு வண்டியில் ஏறிப் போனவர்களுக்கும் இதே சிக்கல்தான். வண்டியின் பெர்மிட்டையும் காப்பீட்டையும் தோட்ட முதலாளியோ மேஸ்திரியோ பார்த்துத்தான் ஒப்பந்தம் பேச வேண்டும். தொழிலாளர்கள் அதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

விபத்து கேரள எல்லைக்குள் நடந்தால் அங்கேதான் அலைய வேண்டும் என்று பலர் நினைத்து, வழக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதியின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். தேனி மாவட்டத்துக்காரர் தேனி மாவட்டத்திலேயே கேட்கலாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். யார் தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் படுகாயத்துக்கு இரண்டரை லட்சமும் கோருவதற்கு 164ஆம் பிரிவு வழி செய்கிறது.

மனை வாங்கும்போது

மனை விற்கிறவர்கள் சொல்லும் சில சொற்கள் நம்பிக்கை தருவதுபோல் இருக்கும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பார்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி. ஊராட்சித் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. பிறகு, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அந்தத் தேதிக்குப் பின் ஒப்புதல் இல்லாமல் போட்ட மனைக்கு அந்தச் சலுகை கிடையாது.

"பவர் இருக்கு, எழுதித் தர்றோம்" என்பார்கள். பொது அதிகார ஆவணத்தை வைத்துக்கொண்டு மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "வீட்டு வரி கட்டுறோம், கரண்ட் இருக்கு" என்பார்கள். வரி ரசீதும் மின் இணைப்பும் அனுபவத்தைக் காட்டலாம், உரிமையைக் காட்டாது. பட்டாகூட வருவாய்க் கணக்கில் உள்ள பெயர்தான். உரிமைக்கு மூலம் தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாக வரும் ஆவணங்களே. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். விற்றவருக்கு உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவு உத்தரவாதம் தராது.

பார்க்க வேண்டியவை இவை. தாய்ப் பத்திரம். குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம். பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியல் வகுப்பினர் அல்லாதவருக்கு விற்றது செல்லாது என்பதால், பழைய ஒப்படை நிபந்தனைகளையும் கேட்டறிய வேண்டும். மலையடிவாரக் கிராமம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே கட்டுமானத்துக்கும் மனைப்பிரிவுக்கும் கூடுதல் ஒப்புதல் வேண்டும். தனியார் காடாக அறிவிக்கப்பட்ட நிலத்தை முன் அனுமதி இல்லாமல் விற்க 1949ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரத்தை நம்பாதீர்கள். எழுத்துமூல ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கும் உரிமை மனைப்பிரிவு போட்டோ வீடு கட்டியோ விற்பவர்களுக்கு இல்லை. கட்டி விற்ற வீட்டில் 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்களே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். சொன்ன காலத்தில் ஒப்படைக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

எல்லைக்கு அப்பால் இடுக்கியில் ஏலத்தோட்டம் வாங்கும் போடிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏலமலைக் காப்புப் பகுதியில் புதிய பட்டா தருவதற்கு 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சாகுபடிக்கென ஒப்படைத்த நிலத்தில் ரிசார்ட் கட்டுவதும் அங்கே பெரும் வழக்குகளாகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டா அனுபவத்தை வைத்து அங்கே முடிவெடுக்காதீர்கள்.

மலையும் ஓடையும் மறப்பதில்லை

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் சரிந்த மண், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த லயங்களை மூடி 70 பேரைப் பலிகொண்டது. நம் பக்கத்துச் சரிவுகளிலும் வடகிழக்குப் பருவமழையின்போது மண்ணும் பாறையும் சாலையில் விழுவதைப் பார்க்கிறோம்.

சரிவின் அடியை வெட்டி மனை சமன்செய்தால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். ஓடையைத் தூர்த்து வீடு கட்டினால் மழைநீர் சுவரைத் தேடி வரும். ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிறது என்பதற்காக அது ஓடை இல்லை என்று ஆகாது. புலப்படத்தில் ஓடை என்று இருந்தால் அதை ஒட்டி வாங்கவே வேண்டாம். மலைச்சரிவில் தாங்குசுவர் கட்டும்போது தண்ணீர் வெளியேறத் துளைகள் விடுங்கள். தரையில் புதிய வெடிப்பு, சாயும் மரமும் மின்கம்பமும், திடீரென்று கலங்கி வரும் ஊற்றுநீர், இறுகி மூட முடியாமல் போகும் கதவு ஆகியவை சரிவு நகரத் தொடங்கியதன் அடையாளங்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் வெளியேறி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

காட்டை ஒட்டிய வீட்டுக்கும் தோப்புக்கும் பன்றியும் யானையும் வரத்தான் செய்யும். அதற்காக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது கொலைக்குச் சமம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயியும் அதில் சிக்கலாம். காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் சூரிய மின்வேலி அமைப்பதற்கே 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவும் அனுமதியும் வேண்டும். பயிர் சேதமானால் உடனே படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இழப்பீடு அந்த மனுவிலிருந்துதான் தொடங்கும்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது

பட்டாவில் தவறு என்றால் முதலில் வட்டாட்சியரிடமும், அவர் உத்தரவு சரியில்லை என்றால் கோட்டாட்சியரிடமும், அதன் பின் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் போகலாம். உரிமையே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். போலி ஆவணத்தால் நிலம் பறிபோயிருந்தால் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். அரசு நிலம் என்று சொல்லி வீட்டை இடிக்க வந்தால், முன்னறிவிப்பும் விளக்கம் சொல்ல வாய்ப்பும் கேட்கலாம். ஆக்கிரமிப்பாளருக்கும் நோட்டீஸ் தர வேண்டும் என்று 1905ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசம். 15100ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

இதையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போராடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆண்டில் 6 முறை கிராமசபை கூடுகிறது. நம் ஊராட்சியில் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகள் எவை, ஓடைப் புறம்போக்கு எவை, எந்தக் காட்டுப் பாதை எந்த மாதங்களில் மூடியிருக்கும் என்பதை ஊர் நடுவே பலகையில் எழுதி வைக்கும்படி அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது. கேட்காமலே சொல்லும் பொறுப்பு அரசுடையது. போடி மலையில் இனி ஒரு உயிரும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் வீணாகக் கூடாது என்றால், இரண்டு பொறுப்பும் நிறைவேற வேண்டும்.