பழைய தட்டுக்கு எந்த ஊசி?

பெரம்பலூரை அடுத்த குரும்பலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பரணிலிருந்து இறங்கும் இசைத்தட்டுகள் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும் பாடியவை அல்ல. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, தேர்தல் கூட்டம் என்று மைக்செட் மேசையில் சுழன்று, மரத்தில் கட்டிய குழாய் வழியே ஊருக்கே கேட்டவை. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும் ‘திருவிளையாடல்’ கதை வசனமும் எத்தனை தடவை ஓடின என்பதற்குக் கணக்கே கிடையாது. மைக்செட்காரருக்குத் தட்டு தொழில் சாமான். பாட்டு துள்ளினால் ஊசித் தலைமேல் ஒரு காசை வைத்து ஓட்டிவிடுவார். காசு ஒன்றுக்குச் சில கிராம் பாரம் கூடும். அந்தப் பாரத்தைத் தாங்கியது தட்டின் வரிதான்.

இந்தத் தட்டுகளைக் கேட்கப் புதிதாக டர்ன்டேபிள் வாங்குகிறவரிடம் கடைக்காரர் முதலில் பிராண்டு பேசுவார். முதலில் பார்க்க வேண்டியது தட்டை. தமிழ்நாட்டு வீட்டுக் குவியலில் மூன்று வகை கலந்திருக்கும். ஒன்று, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு, பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் காலத்தது. மேல்நாட்டில் அது மறைந்த பிறகும் இந்தியாவில் 1960களின் பிற்பகுதி வரை அச்சானது. இரண்டாவது, பக்கத்துக்கு இரண்டு பாட்டாக நான்கு சினிமாப் பாட்டு வைத்த 45 சுற்று ஈ.பி. மூன்றாவது, 33⅓ சுற்று எல்.பி. அரக்குத் தட்டின் வரி அகலம். அதற்குரிய ஊசி முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான். எல்.பி., ஈ.பி. ஊசிக்கு 18 மைக்ரான் போதும். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் வரிச் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டு போகும். கேட்பது பாட்டு இல்லை, சரசரப்பு. சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியில் எல்.பி.யை வைப்பதோ கொலைக்குச் சமம். அந்தத் தலையின் பாரம் நூறு கிராமைத் தாண்டும்.

வாயில் நாம் ஊசி என்று சொல்வது உண்மையில் இரண்டு பாகம். டர்ன்டேபிள் கையின் நுனியில் பொருத்தியிருப்பது கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் செருகியிருப்பது ஊசி. வீட்டு உபயோகக் கார்ட்ரிட்ஜ்களில் தேய்வது ஊசி மட்டுமே. உடம்பு பல வருடம் வரும். ஆகவே கார்ட்ரிட்ஜின் விலையைக் கேட்கும்போதே மாற்று ஊசியின் விலையையும் கேட்டுவிட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து விழிக்கிறார்கள்.

பழைய எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற சூட்கேஸ் பிளேயர்களில் இருந்தது கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து வரும் மின்சாரம், அடுத்துச் சொல்லப்போகும் மேக்னடிக் வகையில் வருவதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அதனால்தான் அந்தக் காலத்தில் வால்வு ரேடியோவின் முதுகில் இருந்த பிக்-அப் துளையில் வயரைச் செருகினாலே பாடியது. ஆனால் கிரிஸ்டல் வகையின் உயிர் ரோஷெல் உப்பில் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். 55 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மீளாமல் கெட்டுவிடும். தகரக் கொட்டகையின் பரணில் இருபது கோடையைக் கழித்த பிளேயர் ஊமையாகக் கிடந்தால் மோட்டாரைத் திட்ட வேண்டாம். இன்று மலிவாக வரும் சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றிலும் செராமிக் தலைதான், ஐந்து ஆறு கிராம் பாரத்தோடு. பார்க்க அழகு. நல்ல தட்டு வைத்திருப்பவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் தருவது இரண்டு முதல் ஐந்து மில்லிவோல்ட்தான். அதோடு, தட்டை வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். 1954-இல் இருந்து இதற்கென ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு இருக்கிறது. பாடும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய ஃபோனோ ப்ரீ-ஆம்ப் வேண்டும். சில டர்ன்டேபிள்களுக்குள்ளேயே அது இருக்கும். இல்லாமல் நேரே ஹோம் தியேட்டரில் செருகினால் கொசு பாடுவதுபோல் கேட்கும். தனியாக வாங்கும்போது மலிவான பெட்டியே தொடக்கத்துக்குப் போதும்.

இனி மாடல்கள். அடிமட்ட விலையில் நம்பிப் போடக்கூடியது ஆடியோ-டெக்னிகாவின் ஏடி3600எல். உருண்டை முனை, மூன்று கிராம் அளவில் பாரம். இந்தக் குடும்பத்துத் தலையைத்தான் ஏடி-எல்பி60எக்ஸ் உட்பட எத்தனையோ மலிவு டர்ன்டேபிள்களில் வைத்து விற்கிறார்கள். அவற்றில் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும் மாற்றலாம். அதற்கு அடுத்த படி, அதே நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த விஎம்95 வரிசை; பாரம் இரண்டு கிராம். ஒரே உடம்பில் பல ஊசி செருகலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்: சி என்றால் உருண்டை முனை, இ என்றால் நீள்வட்டம், எம்எல் என்றால் கோடுபோல் மெலிந்த முனை, எஸ்பி என்றால் 78 தட்டுக்கான தடித்த முனை. ஆர்டோஃபானின் 2எம் ரெட்டும் நல்ல பெயர் எடுத்தது. நீள்வட்ட முனை, 1.8 கிராம். ஆனால் குவியல் கலந்து கிடக்கும் வீட்டுக்கு நான் விஎம்95-ஐத்தான் சொல்வேன். முதலில் சி ஊசியோடு வாங்கலாம். 78 தட்டும் இருந்தால் பிறகு எஸ்பி ஊசி மட்டும் போதும். அதற்குப் பாரம் வேறு என்பதால் பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கையின் பாரத்தை மாற்றி வைக்க வேண்டும். டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எல்பி60எக்ஸில் அது கிடையாது, எல்பி120எக்ஸில் உண்டு.

மெலிந்த முனைதானே நுணுக்கமாகப் படிக்கும், அதையே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். பழைய உருண்டை ஊசி உரசாத இடத்தில் மெலிந்த முனை போய் உட்காரும், அங்கே ஒலி புதிதாகவே இருக்கும் என்பார்கள். அது உண்மைதான், வீட்டில் பத்திரமாக ஓடிய தட்டுக்கு. மைக்செட்டில் தேய்ந்த நீலக்கல் ஊசியும் நாணயமும் சேர்ந்து செதுக்கிய தட்டில் மெலிந்த முனை அந்தச் செதுக்கலையும் சேர்த்துத்தான் பாடும். மேலும் நம் சினிமாத் தட்டுகள் 1970களின் பிற்பகுதி வரை பெரும்பாலும் மோனோ. தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ‘பிரியா’ வந்தது 1978-இல். மோனோத் தட்டுக்கு உருண்டை முனை குறையே அல்ல. எண்பதுகளின் இளையராஜா எல்.பி.கள் கீறலின்றி அலமாரி நிறைய இருக்கின்றனவா? அப்போது இ அல்லது எம்எல் ஊசிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

விலையைப் பார்க்கும்போது மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஆடியோ-டெக்னிகா சொல்லும் ஆயுள் உருண்டை முனைக்கு 500 மணி, நீள்வட்டத்துக்கு 300, எம்எல்லுக்கு 1000. இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடம் ஓடும் எல்.பி. என்றால் உருண்டை முனை சுமார் 750 தடவை பாடும். வாரம் ஐந்து மணி நேரம் கேட்பவருக்கு இரண்டு வருடம் வரும். எம்எல் ஊசியின் விலை நீள்வட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால், கையைக் கடிப்பதுபோல் தெரிந்தாலும் அதுதான் மலிவு. உருண்டை முனையோடு ஒப்பிட்டால் இரு மடங்கைத் தாண்டியதும் கணக்கு கவிழ்ந்துவிடும்.

இந்த மணிக்கணக்கு சுத்தமான தட்டுக்குத்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உள்ள அரியலூர்ப் பக்கத்துத் தூசு, கோயில் மேசையின் விபூதி, சாம்பிராணிப் புகை எல்லாம் வரிக்குள் உறைந்திருக்கும். ஆகவே துணைச் சாமான்களில் முதல் காசு கழுவலுக்குப் போக வேண்டும். போர்வெல் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் அதன் உப்பு வரியிலேயே தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெத்தென்ற துணி, லேபிள் நனையாமல் வரி போகும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவிடலாம். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஊசியில் சேரும் பஞ்சை விரலால் எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சிறு பிரஷ்ஷால் பின்னிருந்து முன்பக்கமாக மட்டும் தள்ளுங்கள்.

இரண்டாவது காசு பாரம் பார்க்கும் டிஜிட்டல் தராசுக்கு. அரை கிராம் வித்தியாசமே ஊசிக்குப் பெரிது. பாரம் குறைந்தாலும் கெடுதல்தான். ஊசி வரிக்குள் துள்ளித் துள்ளிச் சுவரை அடிக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சிறு தராசை இரவல் வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய் எடை காட்டும். கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் புரொட்ராக்டர் அச்சிட்ட காகிதமே போதும்.

மோனோத் தட்டு அதிகம் உள்ளவருக்கு இன்னொரு மலிவு வழி உண்டு. டர்ன்டேபிளுக்கும் ப்ரீ-ஆம்ப்புக்கும் நடுவில் இரண்டு ஒய்-கேபிள் போட்டு இடதையும் வலதையும் சேர்த்துவிட்டால், ஊசியின் மேல்-கீழ் ஆட்டத்தில் பிறக்கும் சரசரப்பில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும். கனமான பித்தளை எடைக்கல், விலையுயர்ந்த தோல் விரிப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமலே இருந்தாலும் நஷ்டமில்லை. ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றக் கிளம்புவதற்கு முன் டர்ன்டேபிளின் எர்த் வயர் ஆம்பிளிஃபயரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளின் இரண்டு துளை பிளக் பாயிண்டில் எர்த்தே இருக்காது.

திருச்சிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ வாங்கப் போகிறவர் தன் பிளேயரின் தலையைக் கீழிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு திருகால் மாட்டும் அரை அங்குல வகையா, சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ எண்பதுகளில் வந்த செட்டுகள் சிலவற்றில் இருப்பதுபோல் பிளக்காகச் செருகி ஒற்றைத் திருகால் இறுக்கும் வகையா என்பது அதில் தெரிந்துவிடும். பிளக் வகை 1.25 கிராமுக்கென்றே அமைந்தது. மூன்று கிராம் தலை அதில் உட்காராது. ஆடியோ-டெக்னிகா பெயரில் போலி ஊசிகளும் ஏராளம். ‘பிரிக்காத பழைய ஸ்டாக்’ என்று நாற்பது வருடத்துக் கார்ட்ரிட்ஜைக் காட்டினால் ஊசி முனையின் வைரம் அப்படியே இருக்கும், அதைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கும். புது ஊசி செருகக் கிடைக்குமானால் மட்டும் பேரம் பேசலாம்.