நிலமும் மொழியும்: ஒராங் அஸ்லி மக்களின் வாழ்வுரிமைப் போராட்டம்

முன்னுரை

மொழியைக் காப்பது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பள்ளி, பாடநூல், இதழ், மேடை ஆகியவற்றையே நினைவிற்கொள்கிறோம். நெடுங்கால எழுத்து மரபுடைய மொழிக்கு அவை நல்ல அரண்கள். அத்தகைய எழுத்து மரபு இல்லாத மொழிக்கு அரண் எது? அதனைப் பேசுவோர் வாழும் நிலமே அதற்குப் பள்ளியாகவும் நூலகமாகவும் விளங்குகிறது. நிலம் கைமாறினால் அந்நூலகமும் கைமாறிவிடுகிறது. இவ்வுண்மையைத் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினரான ஒராங் அஸ்லி மக்களின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்களது நிலம் சட்டத்தின் வழியாகவே எவ்வாறு நழுவியது, நீதிமன்றங்கள் எந்த அளவுக்கு அதனை மீட்டுத் தந்தன, இன்னும் தீராமல் நிற்பது எது என்னும் மூன்று வினாக்களை நாம் இங்கே எடுத்துக்கொள்வோம்.

மக்களும் பெயர்களும்

‘ஒராங் அஸ்லி’ என்னும் மலாய்த் தொடருக்கு ‘முதற்குடி மக்கள்’ என்று பொருள் கொள்ளலாம். இது ஓர் இனத்தின் பெயரன்று. பதினெட்டு இனக்குழுக்களுக்கு அரசு வழங்கிய பொதுப்பெயர். நிர்வாக வசதிக்காக அக்குழுக்கள் மூன்று பெரும்பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. வடக்குக் காடுகளில் வாழும் ஜஹாய், பத்தேக், கென்சியு, கின்தாக், லானோ, மென்ட்ரிக் ஆகியோர் ஒரு பிரிவினர். பேராக், பகாங், கிளந்தான் மலைநாடுகளில் வாழும் செமாய், தெமியார் ஆகியோரையும், சிலாங்கூர்க் கடலோரத்து மா மெரி மக்களையும் உள்ளடக்கியது செனோய்ப் பிரிவு. தெற்கே வாழும் தெமுவான், ஜகூன், செமெலாய், ஒராங் செலெத்தார் முதலியோர் மூன்றாம் பிரிவினர். எல்லாரையும் சேர்த்தாலும் தொகை இரண்டு இலட்சத்தை ஒட்டியதே. நாட்டு மக்கள்தொகையில் இது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சில குழுக்களில் எஞ்சியிருப்போர் ஒரு சில நூறு பேர்தாம்.

முற்காலத்தில் இம்மக்களைச் சுட்ட ‘சாக்காய்’ என்ற சொல் வழங்கியது. பிறருக்கு அடங்கிக் கிடப்பவன், அடிமை என்னும் இழிபொருள் அதில் தொனித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை பிடிப்போர் மலையடிவாரக் குடியிருப்புகளைத் தாக்கிப் பிள்ளைகளைக் கவர்ந்து சென்ற கொடுமையை எண்ணினால், அச்சொல்லை அம்மக்கள் ஏன் வெறுத்தனர் என்பது விளங்கும். ஆயினும் அவர்கள் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்தவர்கள் அல்லர். அகிலும் பிரம்பும் பிசினும் காட்டிலிருந்து திரட்டிக் கடற்கரை வணிகத்திற்கு அனுப்பியவர்கள் அவர்களின் முன்னோர். மரத்தின் நச்சுப்பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடினர். ‘ஈப்போ’ என்னும் அம்மரத்தின் பெயரே பேராக்கின் தலைநகருக்கு இன்று பெயராக நிற்கிறது.

காடு என்னும் சொற்களஞ்சியம்

இவர்களுள் பெரும்பாலான வடக்கு, நடுநாட்டுக் குழுக்கள் பேசும் மொழிகளை மொழியியலார் ‘அஸ்லியன்’ மொழிகள் என்பர். இவை ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்போடியாவின் கெமர், வியட்நாமிய மொழி, இந்தியாவின் சந்தாலி, காசி ஆகியன இவற்றின் உறவு மொழிகள்.

இம்மொழிகளின் வளத்திற்கு ஒரு சான்று காட்டலாம். அசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஜஹாய் மொழியினரும் ஆங்கிலம் பேசுவோரும் மணங்களுக்கு எவ்வாறு பெயரிடுகின்றனர் என்பதை ஒப்பிட்டு 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசுவோர் நிறத்தை எளிதாகச் சொன்னார்கள். மணத்தைச் சொல்லத் தடுமாறி, ‘இன்ன பொருள்போல’ என்று சுற்றி வளைத்தார்கள். ஜஹாய் மக்களோ நிறத்தைப் போலவே மணத்தையும் ஒரே சொல்லில் கூறினார்கள். அவர்கள் மொழியில் மணங்களை வகைப்படுத்தும் தனிச்சொற்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்று, புலியை ஈர்க்கும் குருதிவாடையைக் குறிப்பது. காட்டில் நடப்பவனுக்கு அச்சொல் வெறும் பெயரன்று, உயிர்காக்கும் எச்சரிக்கை.

இத்தகைய சொல்லை அகராதியில் பதித்து வைத்தல் ஆகும். ஆனால் அதனை ஒரு குழந்தை கற்றுக்கொள்ளும் இடம் காடு. வழிநெடுகப் பாட்டன் நின்று முகர்ந்து காட்டும்போது சொல்லும் அறிவும் ஒன்றாகவே கைமாறுகின்றன. நிலத்தையும் காலத்தையும் முதற்பொருள் என்றும், அவற்றில் தோன்றும் மரம், விலங்கு, தொழில், தெய்வம் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்ததை அறிந்த நமக்கு, முதல் நீங்கினால் கரு நிலைக்காது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தில் இரு வினைகள்

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டில் இருந்த போராளிகளுக்கு உணவு கிடைக்காமல் தடுக்கும் நோக்கில், ஒராங் அஸ்லி மக்கள் பலர் வேலியிட்ட முகாம்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். நெருக்கடியிலும் நோயிலும் பலர் மாண்டனர். அக்காலச் சூழலில் 1954-இல் பிறந்ததே பூர்வகுடி மக்கள் சட்டம். இன்று அது 134-ஆம் சட்டம் என வழங்குகிறது.

அச்சட்டத்தின் இரண்டு கூறுகள் நம் கவனத்திற்கு உரியவை. முதலாவது, பூர்வகுடி என்பவர் யார் என்னும் விளக்கம். பூர்வகுடி இனக்குழுவில் பிறந்திருப்பது மட்டும் போதாது; அக்குழுவின் மொழியைப் பேசுபவராகவும், அதன் வாழ்க்கை முறையையும் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பின்பற்றுபவராகவும் இருத்தல் வேண்டும் என்று அது கூறுகிறது. மொழியை அடையாளத்தின் உறுப்பாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, நிலம் எடுக்கப்படும்போது வழங்கும் இழப்பீடு. பதினோராம் பிரிவு பழமரங்களையும் ரப்பர் மரங்களையும் பற்றியது. அவற்றுக்கான உரிமை நிறுவப்பட்டால் இழப்பீடு ‘வழங்கப்பட வேண்டும்’ என்கிறது. பன்னிரண்டாம் பிரிவு நிலத்தைப் பற்றியது. மாநில அரசு இழப்பீடு ‘வழங்கலாம்’ என்கிறது. மரத்திற்கு ‘வேண்டும்’, மண்ணிற்கு ‘லாம்’. டுரியான் மரம் அவருடையது. அது வேரூன்றிய மண் அவருடையதன்று. சட்டப்படி அவர் அந்நிலத்தில் அரசு விரும்பும் காலம்வரை தங்கியிருக்கும் குடியிருப்பாளரே.

அரசமைப்பின் அதிகாரப் பங்கீடு இச்சிக்கலை மேலும் இறுக்கியது. பூர்வகுடியினரின் நலன் கூட்டரசின் பொறுப்பு. நிலமோ மாநிலத்தின் அதிகாரம். நலம் நாடும் துறையிடம் நிலம் இல்லை. நிலம் வைத்திருப்போருக்கு அதனைத் தோட்டத்திற்கோ மரவெட்டுக்கோ வழங்குவதில் வருவாய் உண்டு. 850-க்கு மேற்பட்ட ஒராங் அஸ்லி கிராமங்களுள் பலவற்றின் நிலம் அரசிதழில் பதிவாகாமலே இருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். பதிவான பகுதியைக்கூட மாநில அரசு மீண்டும் விலக்கிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

நீதிமன்றம் தந்த விடை

இந்நிலையை மாற்றிய வழக்குகளுள் முதலாவது ஜொகூரைச் சேர்ந்தது; அது சிங்கப்பூர் வாசகர்களுக்கும் அயலானதன்று. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் குடிநீர் வழங்கும் பொருட்டு லிங்கியு ஆற்றில் அணை கட்டத் திட்டமிடப்பட்டது. அதற்காக 53,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு எடுக்கப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் காடுபடு பொருள் திரட்டியும் வாழ்ந்த ஜகூன் மக்களுக்கு மரங்களுக்கான இழப்பீடாகக் கிடைத்தது சுமார் 5 இலட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட். அடோங் பின் குவாவ் முதலிய 52 பேர் வழக்குத் தொடுத்தனர். ஆஸ்திரேலியாவின் மாபோ வழக்கு உட்பட வெளிநாட்டுத் தீர்ப்புகளையும் ஆராய்ந்த ஜொகூர் உயர் நீதிமன்றம், மூதாதையர் நிலத்தில் வாழவும் அதன் பயனைத் துய்க்கவும் பொதுச்சட்டப்படி அவர்களுக்கு உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்து, 2 கோடியே 65 இலட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடே, அதுவரை மறுக்கப்பட்டு வந்ததன் அளவு.

இரண்டாவது வழக்கு சிலாங்கூரில், டிங்கில் அருகிலுள்ள புக்கிட் தம்போய் கிராமத்தில் எழுந்தது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டு, அவர்களது வீடுகள் இடிக்கப்பட்டன. சாகோங் பின் தாசி என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கில், இவர்கள் பழைய வழக்கங்களைக் கைவிட்டுவிட்டதால் பூர்வகுடியினராகக் கருதப்படத் தகார் என்னும் வாதமும் எதிர்த்தரப்பில் வைக்கப்பட்டது. மொழியும் வழக்கமும் அவர்களிடம் இன்னும் வாழ்கின்றன எனக் கண்ட உயர் நீதிமன்றம் 2002-இல் அவ்வாதத்தைத் தள்ளியது. அவர்களுக்குப் பயன் துய்க்கும் உரிமை மட்டுமன்று, அந்நிலத்திலேயே உரிமை உண்டு என்றது. 2005-இல் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் வழங்கிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. போதிய இழப்பீடின்றி எவருடைய சொத்தையும் எடுத்தலாகாது என்னும் அரசமைப்பு விதிக்கு இணங்க, பன்னிரண்டாம் பிரிவின் ‘வழங்கலாம்’ என்பதைப் ‘போதிய இழப்பீடு வழங்க வேண்டும்’ என்றே படித்தல் வேண்டும் என அது விளக்கியது. 2010-இல் 65 இலட்சம் ரிங்கிட் தொகையுடன் அவ்வழக்கு இணக்கமாக முடிவுற்றது.

தீராது நிற்பவை

ஒரு வினைமுற்றின் பொருள் மாறியதால் மரத்தோடு மண்ணும் கணக்கில் வந்தது. எனினும் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிய உரிமை, நீதிமன்றம் செல்ல இயலாதவருக்கு எட்டாத உரிமையே. எழுதப்பட்ட பட்டா இல்லாதவர் தம் நிலத்தை எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்? ஆற்றின் பெயர், முன்னோர் புதைகுழி, நட்ட மரம், அவை பற்றிய வாய்மொழி வரலாறு ஆகியனவே சான்றுகள். மொழி மங்கிவிட்டால் அச்சான்றுகளும் ஊமையாகிவிடும். நிலம் மொழியைக் காப்பதுபோல, மொழியும் நிலத்திற்குச் சாட்சி சொல்கிறது.

இதற்கிடையே போராட்டம் ஓயவில்லை. கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் தெமியார் மக்கள் மரவெட்டு லாரிகள் செல்லும் பாதைகளை மறித்துப் பலமுறை தடுப்பரண் அமைத்தனர். போஸ் சிம்போர் பகுதித் தெமியார் மக்களின் சார்பில் 2019 சனவரியில் கூட்டரசே கிளந்தான் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் அதே மாநிலத்தின் குவாலா கோவில், எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த கிராமத்தில் பத்தேக் மக்கள் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து மாண்டனர். அங்குப் பரவியது தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதிசெய்தது. தடுப்பூசியால் தவிர்க்கத்தக்க நோய் ஒரு சிறு சமூகத்தையே உலுக்கியது. காடு சுருங்கி உணவு குறைந்த மக்களை நோய் எளிதில் வெல்லும்.

இம்மக்கள் முன்னேற்றத்தை வெறுக்கிறார்கள் என்று சிலர் கூறுவர். பள்ளியையும் மருத்துவமனையையும் சாலையையும் அவர்களும் வேண்டுகிறார்கள். தம் நிலத்தைத் தொடுமுன் தம்மைக் கேட்க வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. 2007 செப்டம்பர் 13-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பூர்வகுடியினர் உரிமைப் பிரகடனமும், கட்டாயமின்றி, முன்கூட்டியே, முழு விவரமும் அறிந்து அளிக்கும் இசைவையே வலியுறுத்துகிறது. மலேசியா அதனை ஆதரித்து வாக்களித்த நாடு. மலேசிய மனித உரிமை ஆணையம் நாடு தழுவிய விசாரணை நடத்தி, வழக்காற்று நில உரிமையை ஏற்பது முதலாகப் பதினெட்டுப் பரிந்துரைகளை 2013-இல் வெளியிட்டது. நெறி தெளிவாகவே உள்ளது. குறைவது நிலத்தை அளந்து எல்லையிட்டுப் பதிவுசெய்யும் செயல்.

முடிவுரை

இவ்வரலாற்றில் நமக்கும் ஓர் இடம் உண்டு. நம் முன்னோர் வியர்வை சிந்திய தோட்டங்கள் பல காடழித்து உருவானவை. மா மெரி மக்கள் வாழும் கேரி தீவில் தோட்டக்குடியிருப்பும் அவர்கள் கிராமமும் ஒரே தீவைப் பகிர்ந்துகொள்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கும் அந்நிலம் உரிமையாகவில்லை. காட்டுக்கு உரியவருக்கும் அது எஞ்சவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது ஆலயமும் பள்ளியும் சுடுகாடும் என்னாகும் என்று கலங்கிய சமூகம், இன்னொரு சமூகத்தின் கலக்கத்தை எளிதில் உணரக்கூடியது.

ஆகவே மொழிப்பணியில் ஈடுபட்ட நாம் செய்யக்கூடியவை சில உள. இம்மக்களை அவரவர் குழுப்பெயரால் நம் எழுத்தில் குறிப்பிடுவோம். நம் மாணவர்களுக்கு நாட்டு வரலாறு சொல்லும்போது துறைமுகத்திலும் தோட்டத்திலும் தொடங்காமல், அவற்றுக்கு முன்பிருந்தோரிடமிருந்து தொடங்குவோம். பூர்வகுடி மொழிகளைப் பதிவுசெய்யும் முயற்சிகளுக்குத் துணைநிற்கும்போதே, அம்மொழி பேசுவோரின் நிலமும் பதிவாக வேண்டும் என்று சேர்த்துக் கேட்போம். அகராதி மட்டும் எஞ்சிக் காடும் ஊரும் மறைந்துபோனால், அந்தச் சொற்களைக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகளுக்கு இடமிராது.