பழைய சிஸ்டத்துக்குத் திரும்பினா டேட்டாபேஸ் என்ன ஆகும்?

சர்வரில் ஓஎஸ் அப்கிரேட் போட்டு ரீபூட் கொடுத்துட்டு, பிங் திரும்பி வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கிற அந்த ரெண்டு நிமிஷம் எந்த அட்மினுக்கும் பிடிக்காது. அந்தப் பயத்தைக் குறைக்க வந்த ஏற்பாடுதான் பூட் என்விரான்மென்ட். சோலாரிஸில் லைவ் அப்கிரேட் என்ற பெயரில் இருந்தது. அப்போ தனி பார்ட்டிஷன் ஒதுக்கி, சிஸ்டத்தையே அதில் காப்பி எடுக்கணும். இசட்எஃப்எஸ் வந்த பிறகு அது சில நொடி வேலை.

காரணம் எளிது. இசட்எஃப்எஸ், இருக்கும் பிளாக்கின் மேலேயே எழுதாது. மாற்றத்தைப் புது இடத்தில் எழுதும். ஆகவே ஸ்னாப்ஷாட் என்றால், 'இந்த நேரத்துப் பிளாக்குகளை அழிக்காதே' என்று சொல்வது மட்டும்தான். அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய ஒரு குளோன் எடுத்து, அதிலிருந்து பூட் ஆகச் செய்தால் அதுவே பூட் என்விரான்மென்ட். ஆரம்பத்தில் இடமே பிடிக்காது. இரண்டும் வேறுபட வேறுபடத்தான் வளரும்.

ஃப்ரீபிஎஸ்டியில் 2018-இல் வந்த 12.0 முதல் இதற்கான பிஇசிடிஎல் கமாண்ட் கூடவே வருகிறது. அப்கிரேடுக்கு முன் ஒன்று கிரியேட் பண்ணி வைத்தால் போதும். ஏதாவது கெட்டுப்போனால் பூட் மெனுவில் பழையதைத் தேர்வு செய்யலாம். சர்வர் தூரத்து டேட்டா சென்டரில் இருந்தால் ஆக்டிவேட்டுக்கு -டி ஆப்ஷன் இருக்கு: புதியது அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். அது எழுந்திருக்கலைன்னா, பவரை ஆஃப் பண்ணி ஆன் செய்தால் பழையதே வரும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

இனி தலைப்புக்கு வருவோம். இன்ஸ்டாலர் தரும் வழக்கமான அமைப்பில் /வார்/லாக், /வார்/மெயில், ஹோம் எல்லாம் தனி டேட்டாசெட். பழைய சிஸ்டத்துக்குப் போனாலும் அவை அப்படியே இருக்கும். ஆனா /வார்/டிபி தனி இல்லை, ரூட்டோடு சேர்ந்தது. போஸ்ட்கிரெஸ் தன் டேட்டாவை வைப்பது அங்கேதான்! திங்கட்கிழமை அப்கிரேட் செய்து, புதன்கிழமை பழையதற்குத் திரும்பினால், நடுவில் வந்த ஆர்டர்கள் எதுவும் டேபிளில் இருக்காது. அழிந்துவிடவில்லை, விட்டுவந்த என்விரான்மென்டில் கிடக்கும். அதை டெஸ்ட்ராய் பண்ணிட்டா அதுவும் போச்சு.

அதுக்காக /வார்/டிபி முழுவதையும் பிரிச்சுடாதீங்க. எந்தெந்த பேக்கேஜ் இருக்கிறது என்ற பதிவும் அதற்குள்தான். அது சிஸ்டத்தோடுதான் போய்வர வேண்டும். /வார்/டிபி/போஸ்ட்கிரெஸை மட்டும் தனி டேட்டாசெட் ஆக்குங்க. மேலே உள்ள டேட்டாசெட்டுக்கு கேன்மவுன்ட் ஆஃப். பிரித்த பிறகு போஸ்ட்கிரெஸின் மேஜர் வெர்ஷனையும் மாற்றுவதாக இருந்தால், அந்த டேட்டாசெட்டுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் வேணும். பழைய பைனரிக்குப் புது டேட்டாவைப் படிக்கத் தெரியாது.

அப்புறம், இசட்பூல் அப்கிரேட் கமாண்டை அவசரமாக ஓட்டாதீங்க. புது அம்சங்களை இயக்கிய பூலைப் பழைய கெர்னல் திறக்க முடியாமல் போகலாம். பூல் எல்லா என்விரான்மென்டுக்கும் பொது. அதுக்கு ரோல்பேக் கிடையாது.