முதியோருக்கான நுழைவு மற்றும் பயணக் கட்டணச் சலுகைகள்

முதியோருக்கான நுழைவு மற்றும் பயணக் கட்டணச் சலுகை என்பது, குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்களுக்குப் பூங்காக்கள், நினைவுச் சின்னங்கள், பேருந்து, தொடருந்து ஆகியவற்றின் கட்டணத்தைக் குறைத்தோ முழுமையாக நீக்கியோ வழங்கப்படும் ஏற்பாடு ஆகும். இது இரு வகைப்படும். ஒவ்வொரு முறையும் வயதுச் சான்றைக் காட்டிப் பெறும் தள்ளுபடி ஒரு வகை. ஒருமுறை பெற்றுப் பலமுறை பயன்படுத்தும் அனுமதி அட்டை மற்றொரு வகை. இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 60 வயது நிறைந்த குடிமக்களை மூத்த குடிமக்கள் என வரையறுக்கிறது. எனினும் சலுகைக்குரிய வயதை அந்தந்தத் துறையே முடிவு செய்கிறது.

அமெரிக்க அனுமதி அட்டை

அனுமதி அட்டை முறைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியப் பூங்காக்களில் காணப்படுகிறது. 62 வயதான குடிமக்களும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் இதனைப் பெறலாம். வாழ்நாள் அட்டையின் விலை நெடுங்காலம் 10 டாலராக இருந்து, 2017 ஆகத்து 28 முதல் 80 டாலராக உயர்ந்தது. ஒரே நேரத்தில் 80 டாலர் செலுத்த இயலாதவர்களுக்காக 20 டாலர் ஆண்டு அட்டையும் அப்போது அறிமுகமானது. நான்கு ஆண்டு அட்டைகளைச் சேர்த்தவர் அவற்றை வாழ்நாள் அட்டையாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்தியாவில்

இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் கட்டண நினைவுச் சின்னங்களில் 15 வயதிற்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. முதியோருக்கெனத் தனிச் சலுகையும் இல்லை. மாமல்லபுரத்தைக் காணவரும் 80 வயது முதியவரும் 20 வயது இளைஞரும் ஒரே கட்டணம் செலுத்துகின்றனர்.

முதியோர் மிகுதியாகப் பயன்படுத்திய சலுகை தொடருந்துச் சலுகையே ஆகும். 60 வயதான ஆண்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 விழுக்காடும், 58 வயதான பெண்களுக்கு 50 விழுக்காடும் தள்ளுபடி செய்யப்பட்டது. அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் எனில் ஆண் 240 ரூபாயும் பெண் 200 ரூபாயும் செலுத்தினர். முன்பதிவுக் கட்டணம், அதிவிரைவுக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தள்ளுபடி கிடையாது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 20 அன்று இச்சலுகை நிறுத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் ஆகியோரில் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் சலுகை தொடர்ந்தது. படுக்கை வசதிப் பெட்டியிலும் குளிர்சாத மூன்றடுக்குப் பெட்டியிலுமாவது இதனை மீட்கலாம் என நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. பயணச் செலவில் சராசரியாக 46 விழுக்காட்டை ஏற்கெனவே ஒவ்வொரு பயணிக்கும் தாமே ஏற்பதாகத் தொடருந்து அமைச்சகம் விளக்கமளித்தது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் முதியோருக்கு முன்னுரிமை அளிக்கும் முறை நிறுத்தப்படவில்லை.

தென்காசி - குற்றாலம் பகுதியில்

குற்றாலத்தில் தொடருந்து நிலையம் இல்லை. அருகிலுள்ள நிலையம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசி ஆகும். சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவுத் தொடருந்து இவ்வழியே செல்கிறது. ஆகவே சூன் முதல் ஆகத்து வரையிலான சாரல் பருவத்தில் தொலைவிலிருந்து வரும் முதியோருக்குத் தொடருந்துச் சலுகையின் இழப்பே பெரிய செலவாக அமைந்தது.

வந்து சேர்ந்த பின்னர் நிலைமை வேறு. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றில் நீராட எவருக்கும் கட்டணம் இல்லை. திருக்குற்றாலநாதர் கோயிலிலும் தென்காசி காசி விசுவநாதர் கோயிலிலும் பொது வழிபாட்டிற்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதம் தமிழக அரசு கொண்டுவந்த திட்டத்தின்படி, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம். வயது பாராத இத்திட்டத்தால் மூதாட்டியரும் பயன்பெறுகின்றனர். முதிய ஆண்களுக்கு இது பொருந்தாது. சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயதான இருபாலருக்கும் 2016 முதல் மாதம் 10 இலவச வில்லைகள் வழங்கப்பட்டமை வேறு திட்டமாகும்.

கட்டணம் இல்லாமை மட்டுமே முதியோருக்குப் போதுமானதன்று. வழுக்கும் பாறை, நெரிசல், திடீர் வெள்ளம் ஆகியவை இங்கு அவர்களுக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடைகளாகும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். நீர்வரத்து மிகும்போது அனைவருக்கும் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. விரைந்து விலக இயலாத முதியோர், தடை இல்லாத நாளிலும் துணையுடன் நீராடுவது நன்று.

கருத்து வேறுபாடுகள்

ஓய்வூதியம் இல்லாத முதியோர் மிகுந்த நாட்டில் வயதே போதுமான தகுதி என்பர் சலுகையை ஆதரிப்போர். வசதி படைத்த முதியவரும் ஏழை முதியவரும் ஒரே தள்ளுபடி பெறுவது முறையன்று என்பது எதிர்த்தரப்பு வாதம். வகுப்பு வாரியாகச் சலுகையை வரையறுக்கும் நிலைக்குழுவின் பரிந்துரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாகக் கருதத்தக்கது.