மூட்டைமேல் நாலெழுத்து

திம்புள்ளப் பகுதியில், தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையே எந்தத் தோட்டத்து ஸ்டோருக்குள் நுழைந்தாலும், வாட்டி, உருட்டி, காற்றில் ஆறவிட்டுச் செந்நிறம் ஏற்றி, சுடுகாற்றில் உலர்த்திய தேயிலை, சலித்து நிரப்பிய மூட்டைகளாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றின்மேல் பதித்திருக்கும் சில ஆங்கில அக்ஷரங்கள் கண்ணில் படும். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., எஃப்.பி.ஓ.பி. என்று நாலே எழுத்துக்களை மாற்றி மாற்றிக் கோத்த இந்த நாமங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கும் பழக்கமானவை. ஆயினும் அவற்றின் பொருளை விளக்கிச் சொல்வார் அரிது.

தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. பி.ஓ.பி. என்பதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருக்க, நம் வரிவடிவில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முன்னது 'புரோக்கன்', அதாவது உடைந்த இலை, பின்னது 'பீக்கோ'. தென்சீனக் கடற்கரைப் பேச்சிலிருந்து வந்த இந்தப் பீக்கோவுக்கு வெண்ணிற ரோமம் என்பது பொருள். அதிகாலையில் ஒரு கொழுந்தைக் கிள்ளி, இரண்டு இலைகளுக்கு நடுவே இன்னும் விரியாதிருக்கும் மொட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதன் முதுகெல்லாம் வெள்ளிப் பூம்பட்டு விரித்தாற்போல மென்மயிர் மின்னும். உருட்டும்போது கசியும் சாறு அம்மயிரிலே படிந்து உலர்வதனால்தான் கறுத்த தூளுக்கிடையே பொன்னிற நுனிகள் தென்படுகின்றன. நடுவில் நிற்கும் 'ஓ'வோ 'ஆரஞ்சு'. தோடம்பழத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஒல்லாந்து அரச வம்சத்தின் பெயரைத் தழுவியது அது என்பது பலருடைய அபிப்பிராயம்.

எஃப் என்னும் எழுத்தின் கதைதான் எனக்கு மிக விசேஷமாகப் படுகிறது. முன்னால் நின்றால் அது 'ஃபிளவரி', மொட்டு மிகுந்தது. பின்னால் நின்றால் 'ஃபேனிங்ஸ்', பி.ஓ.பி.யிலும் சிறிய துணுக்கு. எஃப்.பி.ஓ.பி.எஃப். என்ற ரகத்தில் அது இரு முனையிலும் நின்று இரண்டு பொருளையும் தருகிறது.

இந்த ஜாதிப் பிரிவினையைச் செய்வது சல்லடை. ஒன்றன்கீழ் ஒன்றாக அதிரும் தட்டுகளில் மேலே பெருங்கண், கீழே சிறுகண். 10ஆம் எண் என்றால் அங்குலத்துக்குப் பத்துக் கண். கம்பளியில் உரசிச் சுழலும் பிளாஸ்டிக் உருளைகள், தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, ஈரம் சற்று மிகுந்த காம்பையும் நாரையும் தம்பால் இழுத்துக்கொண்டு தூளைக் கீழே விட்டுவிடுகின்றன.

ஆகவே இவ்வெழுத்துக்கள் இலையின் அளவையும் தோற்றத்தையுமே சொல்கின்றன, ருசியைச் சொல்வதில்லை. பி.ஓ.பி.யைவிட ஓ.பி. உயர்ந்தது என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பவர், பெரிய இலைக்குத்தான் விலை கொடுக்கிறார். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை இடைவிடாது கொட்டும்போது பறித்த கொழுந்தும், தை, மாசியில் வறண்ட குளிர்காற்று மலையெல்லாம் வீசும்போது பறித்த கொழுந்தும் ஒரே தோட்டத்துச் செடியில் விளைந்து, ஒரே சல்லடையில் இறங்கி, ஒரே மூன்றெழுத்தைப் பெறுகின்றன. எனினும் 1883 ஜூலை 30இல் முதல் பகிரங்க ஏலம் நடந்த கொழும்பிலே, வெள்ளைக் கோப்பைகளில் வடித்து வைத்த சாயத்தை வரிசையாக உறிஞ்சி, நாவில் புரட்டித் துப்பிக்கொண்டே போகும் ருசிபார்ப்பவர், தை மாதத்துக் கோப்பையண்டை வந்ததும் நின்று, மறுபடியும் ஒரு கரண்டி எடுக்கிறார்.